பிரிட்ஜில் துரு என்று நோட்டீஸ் வந்தால்: சிறு உணவகத்தாருக்குச் சட்டம் தரும் 14 நாட்கள்

மதுரையில் கறிதோசைக் கடையோ ஜிகர்தண்டா கடையோ நடத்துகிறவர்கள், உணவுப் பாதுகாப்புத் துறையிலிருந்து ஆய்வுக்கு வந்தவர் "பிரிட்ஜ் சரியில்லை, கடையை மூடு" என்று சொன்ன மாத்திரத்தில், கந்துவட்டிக்குக் கடன் வாங்கிப் புது எவர்சில்வர் பிரிட்ஜ் இறக்கிவிடுகிறார்கள். அப்படி இறக்கிய ஒருவரின் பழைய பிரிட்ஜை நான் பார்த்தேன். கதவு ரப்பரில் கருப்புப் பூசணமும் அடித்தட்டில் செம்புள்ளிகளும் இருந்தன. இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. ரப்பரை மாற்றித் துடைத்திருந்தால் முடிந்திருக்கும் வேலைக்கு அவர் இன்றும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

சட்டத்தின் வரலாறு நமக்கு வேண்டாம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-இன் 32-ஆம் பிரிவு ஒன்றே போதும். இத்தகைய குறைக்கு மாவட்ட நியமன அலுவலர் (அந்தத் துறையின் மாவட்ட அதிகாரி) தரும் மேம்பாட்டு நோட்டீஸில் என்ன குறை, ஏன் அது குறை, எதைச் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். சரிசெய்ய 14 நாட்களுக்குக் குறையாத அவகாசமும் தரப்பட வேண்டும். அந்த அவகாசத்திலும் சரிசெய்யாவிட்டால் உரிமத்தை நிறுத்திவைக்கலாம். பொதுச் சுகாதாரத்தை முன்னிட்டு, காரணத்தை எழுத்தில் பதிந்தால் மட்டும் உடனே நிறுத்திவைக்கலாம். வாய்ச்சொல் நோட்டீஸ் ஆகாது. எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். எதுவும் எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆனால் இந்த 14 நாட்கள் எல்லாவற்றுக்கும் கேடயம் ஆகாது. கெட்டுப்போன இறைச்சி பிடிபட்டால் அங்கேயே பறிமுதல் செய்யலாம். சுகாதாரமற்ற நிலைக்கு 56-ஆம் பிரிவின்படி 1 லட்சம் ரூபாய் வரை தனியாக அபராதமும் விதிக்கலாம். குளிர்பானக் கம்பெனி கொடுத்த கண்ணாடிக் கதவு பிரிட்ஜுக்குக் கம்பெனிதான் பொறுப்பு என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கடைக்குள் நின்று உங்கள் பாலைக் குளிர்விக்கும்வரை நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது பதில் கொடுக்கும் இடத்தில். பிரிட்ஜைச் சரிசெய்துவிட்டு அலுவலகத்துக்குப் போய் வாயால் சொல்லிவிட்டு வந்தால், கோப்பில் நீங்கள் எதுவும் செய்யாதவராகவே இருப்பீர்கள். "சார் மீட்டிங்கில் இருக்கிறார், நாளைக்கு வாங்க" என்ற பதிலிலேயே அவகாசம் கரைந்துபோகும். அதைக் கணக்கில் கழித்துத் தர எவரும் முன்வரமாட்டார்கள். ஆகவே மெக்கானிக் பில், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆகியவற்றுடன் இரண்டு பிரதிகளில் கடிதம் எழுதி, ஒன்றில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் அன்றே விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நோட்டீஸை நீங்கள் ஏற்காவிட்டால், மேல்முறையீடு சென்னையில் உள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையருக்குச் செய்ய வேண்டும். அதற்கான காலம் 15 நாட்கள், அல்லது நோட்டீஸில் கண்ட அவகாசம், இவற்றில் எது முன்னே முடிகிறதோ அதுவே. 14 நாள் நோட்டீஸ் என்றால் மேல்முறையீட்டுக்கும் 14 நாட்கள்தான். பழுதைச் சரிசெய்து முடித்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

சுத்தம் செய்யும்போது இரும்பு நாரைத் தொடவே வேண்டாம். அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள்தான் தகட்டில் ஒட்டித் துருவாகிறது. பிளீச்சிங் பவுடரின் குளோரின் எவர்சில்வரில் குழி விழச் செய்யும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால், தகட்டில் தெரியும் கோடுகளின் போக்கிலேயே துடைத்து, நல்ல தண்ணீரால் அலசி, ஈரமில்லாமல் உலர்த்த வேண்டும். நம் பக்கத்து உப்பு போர் தண்ணீரை அப்படியே காயவிட்டால் வெள்ளைப் படலம் படிந்து, அதனடியில் அரிப்புத் தொடங்கும். கதவு ரப்பரின் மடிப்புகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தபின், ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையின்றி வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்தபின் கன்டென்சரில் (சூட்டை வெளியேற்றும் குழாய்ச்சுருள்) படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் அகற்றுங்கள். அது அடைத்திருந்தால் பெட்டி 5 டிகிரிக்குக் கீழே இறங்கத் திணறும். ஆய்வில் கேட்கப்படுவதும் அந்த 5 டிகிரிதான். வெளியே ஒளிரும் எண்ணை நம்பாமல், உள்ளே நடுத்தட்டில் தெர்மாமீட்டர் வைத்து, காலையும் மாலையும் ஒரு நோட்டில் தேதியுடன் குறித்துவையுங்கள்.

மறு ஆய்வுக்கு வருபவரிடம் அந்த நோட்டைக் காட்டி, "குறை சரிசெய்யப்பட்டது" என்று ஆய்வறிக்கையில் எழுதச் சொல்லி, அன்றே நகல் வாங்குங்கள். நிறுத்திவைத்தபின்னும் குறை நீடித்து உரிமம் ரத்தாகிவிட்டால் 3 மாதங்கள் கழியாமல் புதிதாக விண்ணப்பிக்கவும் முடியாது.