பழைய பிஸ்டலுக்குப் பாகம் சேர்ப்பவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்

போன வாரம் ஒரு வால்தர் பிபி, பழைய ஜெர்மன் பிஸ்டல், என் துப்பாக்கிப் பட்டறைக்கு வந்தது. கொண்டு வந்தவர் பொறுப்பான மனிதர். லைசென்ஸ், தோட்டாக் கணக்கு எல்லாம் சரியாக இருந்தன. "சியர் தேய்ந்துவிட்டது, கையில் ஒன்று இருந்தது, வீட்டிலேயே மாற்றிவிட்டேன். ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்" என்றார். ஹேமர் என்பது தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசியை அடிக்கிற சுத்தி; ட்ரிகரை அழுத்தும்வரை அதைப் பிடித்து நிறுத்தும் சிறு கொக்கிதான் சியர். வெடிக்காத டம்மி தோட்டா போட்டு, ஸ்லைடை, அதாவது பின்னால் இழுத்து விடுகிற மேல்பாகத்தை, விட்டேன். ஸ்லைடு மூடியதும் ஹேமரும் கூடவே விழுந்தது, ட்ரிகரில் விரலே இல்லை. இப்படி நடந்தால் ஹேமரைத் தடுத்து நிறுத்த வால்தர் உள்ளே ஒரு தடுப்புக் கட்டை வைத்திருக்கிறது. புது சியர் உட்காரவில்லை என்று அந்தக் கட்டையையும் அரம் போட்டுத் தேய்த்திருந்தார்.

இனியும் சும்மா இருக்க முடியாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் 1980களின் நடுவிலிருந்து பொதுவாகத் தனியாருக்குக் கைத்துப்பாக்கி இறக்குமதி கிடையாது. 9 மி.மீ. தோட்டா போடும் துப்பாக்கி தடை செய்யப்பட்ட ரகம். அதனால் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் .32 அங்குல அளவுத் தோட்டா போடுபவைதான்: வெப்லி அண்ட் ஸ்காட், கோல்ட் 1903, பெல்ஜியத்தின் பிரௌனிங் 1910, வால்தர் பிபி, பிபிகே. தாத்தா வாங்கியது, அப்பா வைத்திருந்தது, இப்போது மகன் பெயரில். கோல்ட் 1903 தயாரிப்பு 1945இலேயே நின்றுவிட்டது. பாகம் கிடைக்காது என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்தில் செய்கிற காரியம்தான் நியாயமாக இல்லை.

"ஒரே மாடல்தானே, பொருந்தாதா?" என்று கேட்காத ஆளில்லை. பொருந்தாது ஐயா. வால்தர் பிபி 1929இல் வந்தது. போர் முடியும் வரை ஜெர்மனியின் செல்லா-மேலிஸ் ஊரில் செய்தார்கள். 1950களில் பிரான்சின் மானுரின் நிறுவனம் செய்தது, பிறகு உல்ம் நகரத்து வால்தர். பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே பாகங்கள் ஒன்றல்ல. கோல்ட் 1903ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பகாலத் துப்பாக்கிகளில் பேரலின், அதாவது குழலின், முனையைப் பிடிக்கத் தனி புஷ் வளையம் உண்டு, பின்னால் வந்தவற்றில் அது இல்லை. ஒன்றின் பேரலை மற்றதில் போட முடியாது.

சரி, ஒரே வருடம், ஒரே தொழிற்சாலை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நேராக எடுத்து மாட்டிவிட முடியாது. அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் ஒவ்வொரு சியரையும் ஒவ்வொரு ஹேமரையும் ஆள் உட்கார்ந்து கல்லில் தேய்த்துச் சேர்த்தார். இரண்டும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அறுபது, எழுபது வருடம் சேர்ந்து தேய்ந்த ஜோடி அது. பழைய வீட்டுக் கதவைக் கழற்றிப் பக்கத்து வீட்டு நிலையில் மாட்டிப் பாருங்கள், புரியும். பிடிமானம் ஆழமானால் ட்ரிகர் கனக்கும், அவ்வளவுதான். குறைந்தால் உங்கள் அனுமதி இல்லாமலே வெடிக்கும். சியர், ஹேமர், சேஃப்டி மூன்றையும் வீட்டில் தொடவே தொடாதீர்கள். "யூடியூபில் பார்த்தேன்" என்று தயவு செய்து என்னிடம் சொல்லாதீர்கள்.

அடுத்தது லேத்தில் கடைந்த ஃபயரிங் பின், தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்க வைக்கும் அந்த ஊசி. இரும்பு மெதுவாக இருந்தால் முனை மழுங்கிப் பரவும், பதம் ஏறிவிட்டால் ஒடியும். ஒடிந்த துண்டு முகப்பில் வெளியே நீட்டிக்கொண்டு சிக்கினால், ஸ்லைடு மூடும்போதே தோட்டா வெடிக்கும். நீளம், முனையின் வட்டம், பதம் மூன்றும் தெரிந்தவர்தான் அதைச் செய்ய வேண்டும். போல்ட் செய்கிற பட்டறைக்கு அந்த வேலை வேண்டாம்.

உண்மையில் தேய்வது எது என்று பார்த்தால் முதலில் ஸ்பிரிங், பிறகு தோட்டா அடுக்கும் மேகசின். ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு ஒவ்வொரு முறையும் ஃபிரேமில் போய் மோதும், விரிசல் அங்கேதான் தொடங்கும். மேகசினின் மேல் உதடு சற்று விரிந்தாலே தோட்டா ஏறாது. "ஏறவில்லை, எக்ஸ்ட்ராக்டர் மாற்றுங்கள்" என்று, வெடித்த தோட்டா உறையை வெளியே இழுக்கும் கொக்கியைக் குறை சொல்லி வருகிற பல துப்பாக்கிகளில் குறை மேகசினில்தான் இருக்கும். வெப்லி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: அதன் ரீகாயில் ஸ்பிரிங் வலது கைப்பிடித் தகட்டுக்கு அடியில் இருக்கும் வி வடிவப் பட்டை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் தகட்டை உடைக்காதீர்கள், அந்தத் தகடு ஸ்பிரிங்கைவிட அரிது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கான்பூர் அரசுத் தொழிற்சாலை ரிவால்வரின் .32 தோட்டா வேறு, பிஸ்டலின் .32 வேறு. கடையில் பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். உரிமம் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கக் கூடாது. விற்கவும் பழுது பார்க்கவும் தனி உரிமம் வேண்டும். "சின்ன ஸ்பிரிங்தானே, கூரியரில் வந்துவிடும்" என்று இணையத்தில் ஆர்டர் போடாதீர்கள். ஸ்பிரிங்குக்கு ஆசைப்பட்டு லைசென்ஸையே இழப்பீர்கள். பாகம் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற டீலரிடம் துப்பாக்கியையே கொண்டு போங்கள். அளவெடுத்து, பொருத்தி, சோதித்து, ரசீதோடு வாங்கி வாருங்கள்.

பாதிப் பாகங்கள் கெடுவது துருவால். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், கடற்கரை ஊர்களில் தோல் ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுக்கும். தேர்தலுக்குக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் முன் தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, உள்ளும் புறமும் மெல்லிதாக எண்ணெய் தடவிக் கொடுங்கள். திரும்ப வந்த அன்றே துடையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். லைசென்ஸ் வைத்திருந்த பெரியவர் காலமான பிறகு, வீட்டார் பீரோவிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். உள்ளே பேரல், ஸ்பிரிங், பாதி ஸ்லைடு. எதற்கும் காகிதம் இல்லை. அந்த அம்மா பயந்துபோய் "இதை என்னப்பா செய்வது, போலீஸ் வருமா" என்று கேட்கிறார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருந்தால் நீங்கள் இருக்கும்போதே ஒரு வழி செய்யுங்கள். என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதி, லைசென்ஸ் நகலோடு டீலரிடம் போய், எதை வைத்துக்கொள்ளலாம், எதை ஒப்படைக்க வேண்டும் என்று கேளுங்கள். அவருக்கும் சந்தேகம் என்றால் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தில், அதாவது சென்னையில் கமிஷனர் அலுவலகம், மாவட்டங்களில் கலெக்டர் அலுவலகம், எழுத்தில் கேட்டு பதிலை லைசென்ஸோடு சேர்த்து வையுங்கள்.