‘டேக்’ என்றால் எடு. சரி, எப்படி எடுப்பது?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பாமசியின் கவுன்டரில் நின்று மருந்து கொடுக்கிறவன் நான். மருந்துகளின் நீளமான பெயர்களால் எங்களுக்கு அவ்வளவு கரைச்சல் இல்லை. அவை விளங்காது என்று தெரிந்தே ஆட்கள் கேட்டுவிடுவார்கள். கரைச்சல் தருவது மருந்து உறையில் இருக்கும் ‘டேக்’ என்ற சின்னச் சொல். எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பதால் ஒருவரும் கேட்பதில்லை.

லீவு எடுப்பதற்கும் படம் எடுப்பதற்கும் பிரஷர் எடுப்பதற்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே வினைதான். மருந்து உறையில் கண்டால் மட்டும் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது என்றே எடுத்துக்கொள்கிறோம். “மருந்து குடிச்சாச்சா?” என்று குளிசையைக்கூடக் குடிக்கிற ஆட்கள் நாங்கள்!

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா வந்தார். “தம்பி, இந்தக் கெப்சூலைக் காலமையும் பின்னேரமும் ஒழுங்காக் குடிக்கிறன், இழுப்புக் குறையேல்லை.” பையைத் திறந்தால், இன்ஹேலர் கருவி பெட்டி உடைக்காமலே கிடக்கிறது. கெப்சூல்களில் பாதி முடிந்திருந்தது. அது விழுங்குகிற கெப்சூல் அல்ல. கருவிக்குள் வைத்துத் திருப்பினால் அது திறக்கும், உள்ளே இருக்கும் தூளை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தூள் நுரையீரலுக்குப் போனால்தான் இழுப்பு நிற்கும். இது எங்கள் ஊர் ஆட்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலமே பேசுகிற அமெரிக்காவில், இப்படியான கெப்சூல்களை விழுங்க வேண்டாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் தனியாக எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையும் இப்படித்தான். விழுங்கினால் அதில் பெரும்பகுதி ஈரலிலேயே சிதைந்துவிடும்.

அடுத்தது எண்ணிக்கை. 2006இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், “இரண்டு குளிசை, ஒரு நாளைக்கு இரண்டு முறை” என்ற லேபலை நோயாளிகளிடம் காட்டினார்கள். வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் 70 வீதத்துக்கு மேற்பட்டோர் அதைச் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளுக்குரிய குளிசைகளை எண்ணி எடுத்துக் காட்டச் சொன்னபோது சரியாகச் செய்தவர்கள் ஏறக்குறைய 35 வீதம்தான். அதனால்தான் “விளங்கிச்சா?” என்று கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லாரும் தலையாட்டுவார்கள். “நாளைக்குக் காலமை எத்தனை போடுவீங்க, எடுத்துக் காட்டுங்கோ” என்பேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

எங்கள் உறைகளில் பல நேரம் ‘டேக்’கூட இருக்காது, 1 பி.டி., 1 டி.டி.எஸ். என்றுதான் கிறுக்கியிருக்கும். பி.டி. என்றால் ஒரு நாளைக்கு இரண்டு முறை, டி.டி.எஸ். என்றால் மூன்று முறை. அந்த எஸ், ‘எடுக்கப்பட வேண்டியது’ என்ற லத்தீன் சொல்லின் முதலெழுத்து. நோயாளிக்கு லத்தீன் எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நாள் மாறினால் உயிருக்கே ஆபத்தான மருந்தும் உண்டு. மூட்டுவாதத்துக்குத் தரும் மெதோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு தடவைதான். தினமும் போட்டு இறந்தவர்கள் உலகில் இருக்கிறார்கள். உறையில் கிழமையின் பெயரை எழுதி வாங்காமல் அந்த மருந்தோடு கடையை விட்டு இறங்காதீர்கள்.

தைரொயிட் குறைபாட்டுக்குத் தரும் தைரொக்சின் குளிசையை வெறும் வயிற்றில், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்னால், தண்ணீரோடு போட வேண்டும். பால் தேத்தண்ணியோடு அல்ல. கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளுக்கும் அதற்கும் இடையில் நான்கு மணித்தியாலம் விடுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது ‘டேக் அஸ் டிரெக்டட்’, அதாவது ‘சொன்னபடி எடு’. யார் சொன்னது, எப்போது சொன்னது? டொக்டர் சொன்னது படியிறங்கும்போதே பாதி மறந்துவிடும். உறையில் அப்படி இருந்தால் அல்லது உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தால், கவுன்டரிலேயே நின்று, எத்தனை, எப்போது, விழுங்குவதா வேறு வழியா என்று கேட்டுத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் கியூ நிற்கிறதே என்று பார்க்க வேண்டாம். அது எங்கள் வேலை, அதற்குத்தான் பேனை வைத்திருக்கிறோம்.