ஆபரேஷன் நடுவே கட்டி தெரிந்தால் யாரைக் கேட்பது?

அப்பெண்டிக்ஸ் எடுக்க லேப்ராஸ்கோப் கேமராவை உள்ளே விட்டால், கர்ப்பப்பையும் கருக்குழாயும் சினைப்பையும் திரையில் தெரியும். சில சமயம் எதிர்பாராத ஒன்றும் தெரியும். முடியும் கொழுப்பும், சிலவற்றில் பல்லும் கொண்ட டெர்மாய்டு கட்டி, பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி, பாதி மட்டுமே வளர்ந்த கர்ப்பப்பை. உடனே மகப்பேறு மருத்துவரைக் கூப்பிடுவார்கள். சேலத்தில் அப்படிப் பல தியேட்டர்களுக்கு நான் போயிருக்கிறேன்.

எனக்கு வருத்தம் தருவது, கதவுக்கு வெளியே நடக்கும் பேச்சு. "கட்டி இருக்கு" என்றதும் கணவரோ மாமியாரோ, "கையோட எடுத்துடுங்க டாக்டர், இன்னொரு தடவை வயித்தைக் கிழிக்க வேண்டாம்" என்பார்கள். பாசம்தான். ஏற்காடு எஸ்டேட்டிலிருந்து கூலியை விட்டு இறங்கி வந்தவர்களுக்கு செலவுப் பயமும் உண்டு. ஆனால் மயக்கத்தில் இருக்கும் பெண்ணின் உடம்பு அது. 2008இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சோதனைக்காக மயக்கம் கொடுத்த பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் தாயின் சம்மதத்தோடு எடுத்த வழக்கு அது. உயிருக்கு ஆபத்து இல்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது என்றது தீர்ப்பு.

சிசேரியன் நடுவிலும் இப்படிக் கட்டி தெரிவதுண்டு. அதில் முதுகில் ஊசி போட்டால் அந்தப் பெண் விழித்தேதான் இருப்பாள். அவளைக் கேட்காமல் வெளியே ஆள் அனுப்புவது எனக்கு இன்னும் புரியவில்லை.

கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து ரத்தம் கொட்டினால் காத்திருக்க முடியாது. சினைப்பை முறுக்கிக்கொண்டாலும் அப்படித்தான். ஆனால் கறுத்துப்போன சினைப்பைகூட முறுக்கை அவிழ்த்தால் பெரும்பாலும் தேறிவிடும், அவசரப்பட்டு வெட்டிவிடக் கூடாது. மற்றபடி அநேகமாக அவகாசம் இருக்கும். இளம் பெண்ணுக்கு டெர்மாய்டு கட்டியை மட்டும் உரித்தெடுத்து சினைப்பையைக் காப்பாற்றலாம். புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் கையோடு எடுப்பதே கெடுதலாகலாம். கட்டி உடைந்து உள்ளே சிந்தினால் நோயின் கட்டமே ஏறிவிடும்.

பாதி கர்ப்பப்பைக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. ஆனால் அவளிடம் சொல்லியே ஆக வேண்டும். இப்படிப்பட்டவர்களில் பலருக்கு ஒரு சிறுநீரகம் இல்லாமலும் இருக்கும். குறைமாதப் பிரசவத்துக்கும் வாய்ப்பு அதிகம். "கல்யாணம் ஆகாத பொண்ணு, ஃபைல்ல எழுதாதீங்க" என்று கெஞ்சும் குடும்பங்களுக்கு நான் சம்மதிப்பதில்லை. எழுதாமல் விட்டால், கர்ப்பமாகி வேறு ஊரில் வலியோடு சேரும்போது அங்குள்ள டாக்டருக்கு எதுவும் தெரியாது.

அதனால் கையெழுத்துப் போடும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: "வேறு ஏதாவது தெரிந்தால் என்ன செய்வீர்கள்?" எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்பதைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம், டிஸ்சார்ஜ் சம்மரியில் எடுத்தது மட்டுமல்ல, பார்த்துவிட்டு விட்டதும் இருக்கிறதா என்று பாருங்கள். பயாப்ஸி ரிப்போர்ட் வரச் சில நாட்கள் ஆகும். தையல் பிரிக்க வரும்போது கேட்டு வாங்குங்கள்.