ஆர்க்கைவுக்குக் களஞ்சியம் பொருந்தாது

போன மாதம் நாகர்கோவிலில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். நம்ம பக்கத்து வானொலியின் வரலாற்றைத் திரட்டிப் பாதுகாப்பது பற்றிய கூட்டம். நல்ல வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் ‘வட்டார வானொலிக் களஞ்சியம்’ என்று போட்டிருந்தது, மேடையேறிய நான்கு பேரும் களஞ்சியம் களஞ்சியம் என்றே பேசினார்கள். பழைய ஆவணங்களைப் பாதுகாத்து வைக்கும் இடத்தை ஆங்கிலத்தில் ஆர்க்கைவ் என்பார்களே, அதற்குத் தமிழ் அதுதானாம். இந்தச் சொல்லை இந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை கேட்டுவிட்டேன் என்று கணக்கில்லை. வீட்டுக்கு வந்தும் மனது ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். என் கட்சி ஆவணகம் என்ற சொல்.

வேர்ச்சொல் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கிரேக்கத்தில் ஆர்க்கோன் என்றால் ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர். அவர் இருந்து நிர்வாகம் பார்க்கும் இடம் ஆர்க்கேயோன். ஊர்ப் பத்திரங்கள் அங்கேதான் இருக்கும். அது லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் போய் ஆங்கிலத்தில் ஆர்க்கைவ் ஆனது. நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பம் திருவிதாங்கூர் அரசர்களுக்காக இந்தப் பகுதியை நிர்வகித்தது, ஓலைகள் அந்த வீட்டில் சேர்ந்தன, அவற்றைப் பிற்காலத்தில் கவிமணி தேடிப் படியெடுத்தார். முதலியார் ஓலைகள் என்று இன்றைக்கும் சொல்கிறோம். ஆட்சி செய்தவர் வீட்டில் தங்கிய ஓலைகள். கிரேக்கச் சொல்லின் பொருளும் ஏறக்குறைய இதேதான்.

இனி களஞ்சியத்துக்கு வருகிறேன். களஞ்சியம் என்றால் நெல் சேர்த்துவைக்கும் இடம். எங்கள் அம்மா வீட்டில் பத்தாயம் இருந்தது, பலா மரப் பலகையில் செய்தது, மேலே மூடியின் மீது இரண்டு பேர் படுத்துத் தூங்கலாம். நெல்லை மேலே கொட்டுவார்கள், வேண்டும்போது கீழே உள்ள சிறிய பலகையை நகர்த்தினால் சரசரவென்று கடகத்தில் விழும். கன்னிப்பூ பருவத்து நெல் தீருவதற்குள் கும்பப்பூ பருவத்து நெல் மேலே வந்து விழும். இந்த மரக்கால் நெல் எந்த வயலில் விளைந்தது, யார் அறுத்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை. கலந்தால் நஷ்டமில்லை. எடுத்தால் தீரும், தீர்ந்தால் நிரப்புவோம். களஞ்சியத்தின் வேலை அது, அதை அது நன்றாகவே செய்தது.

ஆனால் விதைநெல்லை ஆச்சி பத்தாயத்தில் போட்டதே இல்லை! அதை வைக்கோலில் கோட்டையாகக் கட்டித் தனியாக வைப்பாள். இது அம்பை பதினாறு, இது சம்பா, இது கீழப்பத்து வயலில் எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இருக்கும், ஒன்றோடொன்று கலக்க விடமாட்டாள். ஆர்க்கைவ் என்பது விதைக்கோட்டை மாதிரி. அதைப் போய்ப் பத்தாயத்தின் பெயரால் அழைத்தால் சரியாக வருமா?

களஞ்சியம் என்ற சொல்லின் மீது எனக்கு விரோதம் கிடையாது. கலைக்களஞ்சியம் என்று 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வந்தனவே, அங்கே அந்தப் பெயர் கச்சிதம். பல துறை அறிவை ஓரிடத்தில் கொட்டிவைத்து வேண்டியவர் வேண்டியதை அள்ளிக்கொள்ளும் நூல் அது. வானொலி வரலாற்றைப் பாதுகாக்கும் இடத்துக்கு அந்தப் பெயரை வைக்கும்போதுதான் தவறு நடக்கிறது. தவறு சொல்லோடு நிற்பதும் இல்லை, வேலையையே கெடுக்கிறது. வானொலிக் களஞ்சியம் என்று கேட்டதும் எல்லோர் மனதிலும் என்ன தோன்றுகிறது? பழைய பாட்டு, பழைய நாடகம், பழைய குரல். ஒலி மட்டும். ஒலியைக் கணினியில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

வானொலியின் தொடக்க கால வரலாற்றில் ஒலி அநேகமாக மிஞ்சவே இல்லை. சென்னையில் 1924இல் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பத் தொடங்கியது. பணமில்லாமல் 1927இல் நின்றது. 1930இலிருந்து மாநகராட்சி நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது, அடுத்த ஆண்டு திருச்சி. அப்போதெல்லாம் பெரும்பாலும் நேரடி ஒலிபரப்புதான். பாடகர் வந்து பாடினார், காற்றில் போனது, முடிந்தது. பின்னால் ஒலிநாடா வந்தபோதும் நாடா விலை அதிகம் என்பதால் அழித்துவிட்டு அதன் மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்வது பல நாட்டு நிலையங்களிலும் வழக்கமாக இருந்தது. அப்படியானால் மிஞ்சியது எது? காகிதம். உரைகளின் கையெழுத்துப் படிகள், நாடகப் பிரதிகள், கலைஞர்களோடு போட்ட ஒப்பந்தத் தாள்கள், அன்றாட ஒலிபரப்புக் குறிப்பேடு, நேயர் கடிதங்கள், ‘வானொலி’ என்ற பெயரிலேயே வந்த நிகழ்ச்சி நிரல் இதழ். இங்கிலாந்தில் பிபிசி தன் கடிதங்களுக்கும் கோப்புகளுக்கும் என்றே கேவர்ஷாம் என்ற ஊரில் தனியாக ஓர் ஆவணகம் நடத்துகிறது. காகிதம் அவ்வளவு முக்கியம்.

இதை நான் ஏட்டுப் படிப்பால் மட்டும் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில், வானொலி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுக் காலமான ஒருவரின் தகரப்பெட்டியைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. திறந்ததும் புளித்த காடி வாடை, பழைய அசிடேட் நாடா கெட்டுப்போகும்போது வருமே, அது. நாடாக்களைவிட அவை இருந்த அட்டைப் பெட்டிகள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின. ஒன்றின் மேல் பென்சிலில் ‘நடவுப் பாட்டு, 7 நிமிடம் 40 வினாடி’ என்று இருந்தது. கீழே தொடக்கச் சொல் இது, முடிவுச் சொல் இது. உள்ளே மடித்துவைத்த ஒரு தாளில் பாடிய இரண்டு பெண்களின் பெயர், ஊர், அவர்களை வயல் வரப்பில் வைத்துப் பதிவு செய்தபோது மழை வந்ததால் இரண்டாம் பாட்டு பாதியில் நின்றது என்ற குறிப்பு. பெயரை முதலில் தப்பாக எழுதி, அடித்து, மேலே திருத்தியிருந்தார் அந்த மனிதர். அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் ஒரு அம்மாவின் பெயர் காலத்துக்கும் தப்பாகவே போயிருக்கும்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது. களஞ்சியம் அமைக்கிறோம் என்று ஒரு குழுவினர் வந்து நாடாக்களை வாங்கிப் போனார்கள், ஒலியைக் கணினிக்கு மாற்றினார்கள், நன்றாகவே மாற்றினார்கள். பெட்டிகளையும் தாள்களையும் ‘ஒலி வந்தாச்சு, இனி இது எதுக்கு’ என்று பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடைக்குப் போட்டுவிட்டார்கள். இப்போது அந்தப் பாட்டு ‘நாட்டுப்புறப் பாடல் 14’ என்ற பெயரில் இருக்கிறது. யார் பாடியது, எந்த ஊர், ஏன் பாதியில் நிற்கிறது, ஒன்றும் தெரியாது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. களஞ்சியம் என்று மனதில் வைத்துக்கொண்டு போனார்கள், நெல்லை எடுத்துக்கொண்டு சாக்கை வீசிவிட்டார்கள். ஆவணகம் என்று நினைத்துப் போயிருந்தால் கை தயங்கியிருக்கும். ஆவணத்தில் ஒரு மூலை கிழிந்தால்கூட நமக்குப் பதறும் அல்லவா.

ஆவணம் என்ற சொல்லில் அந்தப் பதற்றம் இருக்கிறது. கடைத்தெரு என்ற இன்னொரு பொருளும் அதற்குப் பழைய இலக்கியத்தில் உண்டு, அது வேறு வழி. உரிமையை நிறுவும் எழுத்து என்ற பொருள் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருப்பது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலம் விற்றதைச் சொல்லும்போது ஆவணக்களரி என்று வரும், பத்திரம் செல்லுபடியாகும் இடம். சுந்தரர் கதையை நினைத்துப் பாருங்கள். மணப்பந்தலில் கிழவர் காட்டிய அடிமை ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் சபையில் கிழவர் மூல ஓலையை எடுத்து நீட்டுகிறார். சபையார் அதோடு விடவில்லை. சுந்தரரின் பாட்டனார் கைப்பட எழுதிய வேறொரு எழுத்தைக் காப்பில் இருந்து வரவழைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், ஒத்துப்போகிறது, தீர்ப்பு ஆகிறது. படி வேறு, மூலம் வேறு. சந்தேகம் வந்தால் ஒப்பிட இன்னொரு எழுத்து பத்திரமாக எங்கேயோ இருக்க வேண்டும். ஆர்க்கைவ் செய்கிற வேலை முழுவதும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது, சேக்கிழார் காலத்திலேயே.

இதற்கு எதிராக ஒரு வாதம் வரும், கூட்டத்திலும் வந்தது. ஆவணம் என்றால் எழுத்து, பாட்டும் பேச்சும் எப்படி ஆவணம் ஆகும் என்று. ஆவணப்படம் என்று சொல்லும்போது இந்தச் சந்தேகம் யாருக்கும் வருவதில்லையே? சட்டமே ஏற்றுக்கொண்டது, மின்னணுப் பதிவுகளையும் ஆவணமாக எடுத்துக்கொள்ளும்படி சாட்சியச் சட்டம் 2000இல் திருத்தப்பட்டது. ஒலிநாடா ஆவணம்தான். அதன் பெட்டியும் ஆவணம், பெட்டிக்குள் இருந்த தாளும் ஆவணம். மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் ஒன்றுக்கு ஒன்று சாட்சி சொல்லும்.

சேர்ந்து இருப்பது என்பதை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரான்சில் 1841இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: ஒருவரிடம் இருந்து வந்த ஆவணங்களை அவர் பெயரிலேயே ஒரு தொகுதியாக வைக்க வேண்டும், பொருள்வாரியாகப் பிரித்து மற்றவரின் தாள்களோடு கலக்கக் கூடாது. நிலம் வாங்கியவர்களுக்கு இது உடனே புரியும். தாய்ப் பத்திரம் கேட்கிறோம், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் முன்னாதாரம் என்கிறார்கள். யாரிடம் இருந்து யாருக்கு வந்தது என்ற சங்கிலி அறுந்தால் பத்திரத்துக்கு மதிப்பில்லை. எங்கள் குமரி மாவட்டத்து வானொலிக்கு இது ரொம்ப முக்கியம். 1943இல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசு தன் வானொலியைத் தொடங்கியபோது நாங்கள் அந்த அரசின் குடிகள். 1950இல் அதை அகில இந்திய வானொலி எடுத்துக்கொண்டது. 1956 நவம்பர் 1 அன்று நாங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தோம். திருநெல்வேலி நிலையம் 1963இல். 1984இல் நாகர்கோவிலில் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். இத்தனைக்கும் நடுவில் இலங்கை வானொலி வேறு, அதன் அறிவிப்பாளர் மயில்வாகனன் குரலை எங்கள் பெரியவர்கள் சொந்தக்காரர் குரல் மாதிரி அடையாளம் சொல்வார்கள். ஒரே ஊர்க்காரர் கேட்ட வானொலி, ஆனால் அதை நடத்தியவர்கள் இத்தனை பேர். எல்லாவற்றையும் ஒரே களஞ்சியத்தில் கொட்டி ‘குமரி வானொலி’ என்று பெயர் எழுதிவிட்டால், எந்தத் தாளை எந்த அரசு, எந்த நிலையம், எதற்காக எழுதியது என்று பின்னால் வருகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். காப்பகம் என்று தனியாகச் சொன்னால் எங்கள் பக்கம் முதலில் நினைவுக்கு வருவது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அடுத்தது முதியோர் காப்பகம். ஆவணக் காப்பகம் என்று முழுதாகச் சொன்னால் குறையே இல்லை, எழும்பூரில் இருக்கும் அரசுத் துறையின் பெயரும் அதுதான், அதை மாற்றச் சொல்லவும் மாட்டேன். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் புராரேகை. ரேகை நமக்குக் கையில் இருப்பது, அதனால் நம் பக்கம் ஒட்டாது. இலங்கையில் சுவடிக்கூடம் என்ற சொல் இருக்கிறது, அழகான சொல், ஆனால் சுவடி என்றதும் ஓலைதான் கண்ணில் நிற்கிறது, ஒலிநாடாவுக்கு இடம் கொடுக்காது. ஈழத்தவர்களே இப்போது ஆவணகம் என்று எழுதுகிறார்கள். சின்னச் சொல், நூலகம் மாதிரியே ஒலிக்கிறது, ஆவணகர், ஆவணகப் பணி என்று நீட்டிக்கொள்ளவும் தோதானது. நான் அதன் பக்கம்தான்.

மொழிபெயர்ப்பவர்களிடம் ஒரு வருத்தம் உண்டு. பழையதைப் பற்றி எது வந்தாலும் களஞ்சியம், பெட்டகம், கருவூலம், பொக்கிஷம் என்று நகைக்கடைச் சொற்களாக எடுத்து வைக்கிறார்கள். படிக்கப் பெருமையாக இருக்கிறது, வேலை என்ன என்று தெரியமாட்டேன் என்கிறது. மறுபக்கம் கைப்பேசியில் ஒரு கடிதத்தை ஓரமாகத் தள்ளிவைப்பதற்குக் ‘காப்பகப்படுத்து’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ‘ஒதுக்கி வை’ என்றால் போதாதா? பதிவு என்ற ஒரே சொல்லை ஒலிப்பதிவுக்கும், பத்திரப் பதிவுக்கும், முகநூலில் எழுதுவதற்கும், அலுவலகக் கோப்புக்கும் போட்டுத் தேய்த்துவிட்டோம். ‘வானொலிப் பதிவுகள்’ என்றால் இன்றைக்கு எதைச் சொல்கிறார் என்று சொன்னவரிடமே கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கூட்டத்தின் அழைப்பிதழை என்னிடம் கேட்டிருந்தால் ‘வட்டார வானொலி வரலாற்று ஆவணத் தொகுதிகள்’ என்று எழுதிக் கொடுத்திருப்பேன். இடத்துக்கு வானொலி ஆவணகம். தொகுப்பு என்று போடாமல் தொகுதி என்று போடுவதற்கும் காரணம் இருக்கிறது, தொகுப்பு நாம் பொறுக்கிச் சேர்ப்பது, தொகுதி வந்தபடியே இருப்பது. இதைக் கூட்டம் முடிந்ததும் ஏற்பாட்டாளர் ஒருவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பதாகை அடித்தாகிவிட்டது, பார்க்கலாம் அண்ணே என்றார். தக்கலைப் பெட்டியில் இருந்த தாள்களில் மூன்றை மட்டும் நான் அன்றைக்குக் கைப்பேசியில் படம் எடுத்திருந்தேன். அவற்றை அவருக்கு அனுப்பியிருக்கிறேன், எந்தப் பெட்டியில் எந்த நாடாவோடு இருந்தது என்பதையும் எழுதி. நடவுப் பாட்டின் தாள் அந்த மூன்றில் இல்லை.