செக் இன்ஜின் லைட்: கோடுக்கு அடுத்த எண்ணையும் பாருங்கள்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பெட்ரோல் கார் ஒன்று சேலத்திலிருந்து தருமபுரிக்கு வருகிறது. தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் எரிகிறது. வண்டி நிற்கவில்லை, பிக்கப் மட்டும் கொஞ்சம் குறைகிறது. மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டால் பி0171 (P0171) என்று ஒரு கோடு, அதாவது குறையைச் சொல்லும் குறியீட்டு எண், வருகிறது. "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சுங்க, மாத்திடலாம்" என்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து மாற்றிய பிறகு, ஒரு வாரத்தில் அதே விளக்கு மறுபடியும் எரிகிறது.

இந்த வீண் செலவைப் பெரும்பாலும் தவிர்க்க முடியும். அதற்கு அந்தக் கோடு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் விளக்கைக் கவனியுங்கள். சீராக எரிந்தால், வண்டி வழக்கம்போல ஓடும்வரை மெதுவாக ஊர் போய்ச் சேரலாம். விட்டுவிட்டு மின்னினால் இன்ஜின் கடுமையாக மிஸ்ஸிங் ஆகிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்வதற்காக இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையே உருக்கிவிடும். உடனே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துவதுதான் சரி. சிவப்பாக எரியும் ஆயில் விளக்கும் டெம்பரேச்சர் விளக்கும் வேறு சமாச்சாரம். அவை எரிந்தால் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

இப்போது பி0171. 'பி' என்றால் இன்ஜின், கியர் பகுதி. அடுத்த 0, எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு என்பதைக் காட்டுகிறது. அந்த இடத்தில் 1 இருந்தால் அது அந்தந்த கம்பெனியின் சொந்தக் கோடு. மூன்றாவதாக வரும் 1, காற்று-எரிபொருள் பகுதி. மொத்தமாக அது சொல்வது: கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். எந்தப் பொருள் கெட்டது என்று அதில் இல்லை.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எரிந்த புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்று ஆக்சிஜன் சென்சார் பார்க்கிறது. மிச்சமிருந்தால் சுமார் 0.1 வோல்ட், இல்லாவிட்டால் சுமார் 0.9 வோல்ட் அனுப்பும். அதைப் பார்த்து இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. இப்படித் திருத்தும் சதவீதத்துக்குத்தான் ஃப்யூல் ட்ரிம் என்று பெயர். பத்து சதவீதத்துக்குள் கூடிக் குறைவது சாதாரணம். பல கார்களில் இருபத்தைந்தை நெருங்கியும் கலவை சரியாகவில்லை என்றால், கம்ப்யூட்டர் கோடைப் பதிந்து விளக்கைப் போடுகிறது. குறையைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்த சென்சார்தான். பல நேரம் அதைத்தான் முதலில் கழற்றிப் போடுகிறோம்!

ஸ்கேனரில் லைவ் டேட்டா என்ற பகுதியில் ட்ரிம் தெரியும். மெக்கானிக்கிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். வண்டி நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) ஒருமுறையும் 2,500 ஆர்பிஎம்மில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் ட்ரிம் அதிகமாக இருந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் இறங்கினால், எங்கோ வெடித்த ரப்பர் ஹோஸ் வழியாகவோ இன்டேக் கேஸ்கெட் வழியாகவோ திருட்டுக் காற்று நுழைகிறது. ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதனால் ஓட்டையின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. மாறாக, ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து தொப்பூர் போன்ற ஏற்றத்தில் ட்ரிம் ஏறினால், பெட்ரோல் போதவில்லை. ஃப்யூல் ஃபில்டர், பம்ப் இரண்டையும் சந்தேகிக்கலாம். ஒரு எச்சரிக்கை: ஹோஸ் ஓட்டைக் கணக்கு, காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள கார்களுக்குத்தான் அப்படியே பொருந்தும். அதற்குப் பதில் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் கார்களில் அதே ஓட்டை, ஐடிலிங் வேகம் கூடுவதாக வெளிப்படலாம். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய் சென்சாரை ஏமாற்றும்.

இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலும் கணக்கில் சேர்ந்திருக்கிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் இந்தக் கலவைக்கு 14.7 வேண்டாம், சுமார் 13.5 போதும். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும். பழைய காரில் ட்ரிம் சில சதவீதம் மேலே போக இதுவே போதும். நல்ல நிலையில் உள்ள வண்டி தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே ஹோஸ் கசியும் வண்டியில், எத்தனை நாளாகவோ ஒளிந்திருந்த கோடு வெளியே வரலாம்.

பி0301 வந்தால் வேலை இன்னும் எளிது. முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று அர்த்தம். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் சிலிண்டருக்கு ஒன்றாக உள்ள வண்டியாக இருந்தால், முதல் காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், எலி கடித்த ஒயர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

டிஎன் 29 (தருமபுரி), டிஎன் 24 (கிருஷ்ணகிரி) எண்ணில் ஓடும் எல்லாப் பழைய கார்களும் இவ்வளவு விவரம் தராது. குறையைக் கோடாகப் பதியும் வசதியைக் கட்டாயமாக்கிய பிஎஸ்-4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி சென்னை போன்ற பெருநகரங்களுக்கு 2010 ஏப்ரலில் வந்தாலும், நாடு முழுவதற்கும் 2017 ஏப்ரலில்தான் வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி மொபைலிலேயே படித்துவிடலாம்.

பேட்டரி ஒயரைக் கழற்றி விளக்கை அணைக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். கோடு எழுந்தபோது என்ன வேகம், என்ன சூடு, எவ்வளவு ட்ரிம் என்று கம்ப்யூட்டர் எழுதிவைத்த குறிப்பும் அதோடு அழிந்துபோகும். குறையைச் சரிசெய்தால், பொதுவாகத் தொடர்ந்து மூன்று ஓட்டங்கள் பிசகில்லாமல் முடிந்ததும் விளக்கு தானாகவே அணையும். கோடு இன்னும் கொஞ்ச காலம் நினைவகத்தில் இருந்துவிட்டு, இன்ஜின் சுமார் நாற்பது முறை சூடாகி ஆறிய பின் நீங்கிவிடும்.