அடிபணிதலா, சொல் கேட்டலா?

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் எந்தக் கிறிஸ்தவ கன்வென்ஷன் பந்தலில் போய் உட்கார்ந்தாலும் இப்போது இந்தச் சொல் காதில் விழுகிறது. வெளியூர்ப் போதகர் ஆங்கிலத்தில் 'ஒபே' என்கிறார். பக்கத்தில் மைக் பிடித்திருக்கும் தம்பி மூச்சு விடாமல் 'தேவனுக்கு அடிபணியுங்கள்' என்கிறார். கூட்டமும் அல்லேலூயா சொல்லிவிடுகிறது.

'ஒபே' என்பதன் பிறப்பை முதலில் முடித்துவிடுவோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இது 'ஹுபகோஏ'. 'ஹுபோ' என்றால் கீழே, 'அகோஏ' என்றால் கேட்பது. எபிரெயத்தில் இதற்கென்று தனிச்சொல் தேட வேண்டாம். கேட்பதைக் குறிக்கும் 'ஷாமா'தான் கீழ்ப்படிவதற்கும். லத்தீன் வழியாக வந்த ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் கேட்பதுதான் ஒளிந்திருக்கிறது.

தமிழனுக்கு இதை விளக்கவே தேவையில்லை. காசிமேட்டில் ஓர் அம்மா 'எம்புள்ள சொன்ன பேச்சு கேக்கும்' என்றால், பிள்ளைக்குக் காது நன்றாக இருக்கிறது என்றா அர்த்தம்? எபிரெயர் 'ஷாமா'வில் வைத்ததை நாம் 'கேள்' என்பதில் வைத்திருக்கிறோம்.

சரி, நம் தமிழ் வேதாகமத்தில் இதற்கு இருக்கும் கீழ்ப்படிதல்? படிதல் என்றால் அடங்கித் தங்குதல். துறைமுகத்து நிலக்கரித் தூசி ஜன்னல் கட்டையில் படிந்த காலம் ராயபுரத்துக்காரர்களுக்கு மறந்திருக்காது, அந்தப் படிதல்தான். ஹென்றி பவர் குழுவினரின் 1871 தமிழ் வேதாகமத் திருப்புதலில் ஊன்றிப்போன சொல் இது. அதில் எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு. ஒருவரின் அதிகாரத்துக்குள் அமைந்திருப்பதைக் குறிக்க கிரேக்கத்தில் 'ஹுபோதாஸ்ஸோ' என்ற வேறொரு வினை இருக்கிறது. எபேசியர் 5:22-இல் மனைவிகளுக்குச் சொல்வது அது. 6:1-இல் பிள்ளைகளுக்குச் சொல்வதோ சொல் கேட்பது. தமிழில் இரண்டுமே 'கீழ்ப்படியுங்கள்' ஆகிவிட்டன. (5:22-ஐ மட்டும் மனப்பாடம் செய்திருக்கும் ஆண்கள், 'ஒருவருக்கொருவர்' என்று சொல்லும் 21-ஐயும் வாசித்தால் நல்லது.) ஆனாலும் பவர் குழுப் பெரியவர்களுக்குக் காது நினைவில் இருந்தது. 1 சாமுவேல் 15:22-இல் 'பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும்' என்று எழுதி, அதே வசனத்தில் 'செவிகொடுத்தலும்' என்று பக்கத்திலேயே வைத்தார்கள்.

அடிபணிதலில் காதே இல்லை, கால்தான் இருக்கிறது. காலில் விழுவதற்கு வேதத்தில் வேறு சொல் உண்டு. சாஸ்திரிகள் குழந்தை இயேசுவைத் தேடி வந்தது 'பணிந்துகொள்ள', அதாவது தொழுதுகொள்ள. தொழுவதும் சொல் கேட்பதும் ஒன்றல்ல. போதாக்குறைக்கு, இன்றைய தமிழில் அடிபணிவது என்றால் தோற்றுப்போவது. தண்டையார்பேட்டைச் சுவர்களில் 'அடிபணிய மாட்டோம்' என்று எழுதாத கட்சி எது? வாரம் முழுக்க அதைப் படிக்கிறவன் ஞாயிற்றுக்கிழமை 'அடிபணி' என்று கேட்டால், தேவனை எந்த இடத்தில் வைத்துப் பார்ப்பான்?

மத்தேயு 21-இல் இரண்டு மகன்கள் வருகிறார்கள். திராட்சத்தோட்டத்துக்குப் போ என்றதும் மூத்தவன் 'மாட்டேன்' என்கிறான், அப்புறம் மனம் மாறிப் போகிறான். இளையவன் 'போகிறேன் ஐயா' என்கிறான், போகவில்லை. அடிபணிந்தவன் யார்? சந்தேகமே இல்லாமல் அந்த 'ஐயா'க்காரன். சொன்ன பேச்சைக் கேட்டவன் மற்றவன்.

இரட்சிப்பு என்று வரும்போது அடிபணிதல் என்ற சொல் விஷயத்தை இன்னும் சிக்கலாக்குகிறது. கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், அது தேவனுடைய ஈவு, அதாவது இலவசக் கொடை, என்கிறது எபேசியர் 2:8. தமக்குக் கீழ்ப்படிகிற யாவருக்கும் அவர் நித்திய இரட்சிப்பின் காரணரானார் என்கிறது எபிரெயர் 5:9. அடிபணிதலைப் போட்டு வாசித்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும்: ஈவுக்கு எதற்குக் காலில் விழும் கட்டணம்? கேட்டலைப் போட்டுப் பாருங்கள். 'சுவிசேஷத்துக்கு எல்லாரும் கீழ்ப்படியவில்லை' என்று ரோமர் 10:16-இல் எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே 'விசுவாசம் கேள்வியினாலே வரும்' என்கிறார்; கேள்வி என்றால் இங்கே காதால் கேட்பது. கிரேக்கத்தில் இரண்டு வசனத்திலும் ஒரே வேர். நற்செய்தியைக் காதில் வாங்கி நம்புவதே முதல் கீழ்ப்படிதல்; நடக்கை அதிலிருந்து வருகிறது. மார்ட்டின் லூதர் வழிவந்த லுத்தரன்கள் 1530-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் கொடுத்த விசுவாச அறிக்கையின் ஆறாவது பிரிவுக்கே 'புதிய கீழ்ப்படிதல்' என்று பெயர். விசுவாசம் நற்கனி கொடுத்தாக வேண்டும், ஆனால் அந்தக் கனியை நம்பி தேவனுக்கு முன் நிற்காதே என்பதுதான் அதன் சாரம். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்வதும் இதோடு ஒத்துத்தான் போகிறது.

அப்போஸ்தலர் 12:13-ஐயும் பாருங்கள். பேதுரு கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் 'ஒற்றுக்கேட்க' வருகிறாள். கிரேக்கத்தில் அங்கே இருப்பதும் 'ஹுபகோஏ'வின் வினைதான். தட்டுவது யார் என்று காது கொடுக்க வந்தவளை 'அடிபணிய வந்தாள்' என்று எழுத முடியுமா?

மேடை மொழிபெயர்ப்பு லேசான வேலை இல்லை, தெரியும். ஆனால் நல்ல சொல் கைவசம் இருக்கும்போது கனமாக ஒலிப்பதை எடுத்துப் போடும் பழக்கம் பரவிக்கொண்டே போகிறது. 'ரிலேஷன்ஷிப்' என்றதும் 'தேவனோடு உறவுமுறை' என்கிறார்கள். உறவுமுறை என்றால் மாமன், மச்சான் கணக்கு. 'ஐக்கியம்' என்ற சொல் சபையில் எத்தனை காலமாக இருக்கிறது! 'தேவன் சொல்வதைக் கேளுங்கள்' என்பது அந்தத் தம்பிக்குச் சப்பென்று பட்டால், பழைய 'கீழ்ப்படியுங்கள்' என்பதையே சொல்லிவிட்டுப் போகட்டும்.