23.976: நாற்பது நொடிக்கு ஒரு தடுக்கல்

படத்தில் கேமரா ஒரு தெருவை மெல்லக் காட்டிக்கொண்டே நகர்கிறது. வழுக்கிக்கொண்டு போகும் காட்சியில் திடீரென ஒரு சின்னத் தடுக்கல். சுமார் நாற்பது நொடி கழித்து மறுபடியும். டிவியோடு கம்ப்யூட்டரை இணைத்துப் படம் பார்க்கிறவர்கள் பலர் இதைப் பார்த்துவிட்டுப் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். கார்டின் வேகத்துக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. கோளாறு ஒரு வகுத்தல் கணக்கில் இருக்கிறது.

சினிமா என்றால் நொடிக்கு 24 ஃப்ரேம். ஆனால் ப்ளூரேயில் வரும் பெரும்பாலான படங்கள் 24-ஐ 1.001-ஆல் வகுத்த வேகத்தில், அதாவது 23.976-இல் ஓடுகின்றன. இந்த 1.001 அமெரிக்காவில் 1953-இல் பிறந்தது. வண்ணத் தொலைக்காட்சிக்கு என்டிஎஸ்சி தரத்தை வகுத்தபோது, வண்ணத்தைச் சுமக்கும் அலையும் ஒலியைச் சுமக்கும் அலையும் கலந்து திரையில் கோலம் போடாமலிருக்க, நொடிக்கு 30 ஃப்ரேம் என்றிருந்ததை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்து 29.97 ஆக்கினார்கள். அதோடு பொருந்த சினிமாவின் 24-உம் அதே அளவு குறைந்தது. நம் ஊர் ஒளிபரப்பு 25 ஃப்ரேம், 50 ஹெர்ட்ஸ் வழியில் வந்ததால் இந்தப் பின்னம் இங்கே நமக்குப் பழக்கமில்லை. அந்த ப்ளூரே டிஸ்க்குகளோடுதான் வீட்டுக்குள் வந்தது.

டிவி நொடிக்குச் சரியாக 24 முறை திரையைப் புதுப்பிக்க (அதாவது 24 ஹெர்ட்ஸ்), படம் 23.976-இல் வந்தால் நொடிக்கு 0.024 ஃப்ரேம் பற்றாக்குறை விழும். 41.7 நொடியில் அது ஒரு முழு ஃப்ரேம் ஆகிவிடும். அப்போது பழைய ஃப்ரேமையே இன்னொரு முறை காட்டித்தான் ஈடுகட்ட முடியும். திரையை 60 ஹெர்ட்ஸில் விட்டால் நிலைமை இன்னும் மோசம்: ஒரு ஃப்ரேம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று மாறிமாறி வந்து, படம் முழுக்க நடை நொண்டும்.

விண்டோஸின் பழைய திரை வேகப் பட்டியலில் 23, 24, 59, 60 என்று முழு எண்கள்தான் தெரியும். அங்கே 23 என்றால் 23.976, 59 என்றால் 59.94. ஆனால் பட்டியலில் தெரிவதுதான் கேபிளில் போகிறது என்று நம்பக்கூடாது. 2010-இல் வந்த இன்டெல் கிளார்க்டேல் சிப்புகளில் 23-ஐத் தேர்ந்தெடுத்தாலும் 24 தான் வெளியே வந்தது. படத்தைத் திரையில் வரைந்து காட்டும் மேட்விஆர் போன்ற மென்பொருளில் கன்ட்ரோல்-ஜே அழுத்தினால் அளந்து பார்த்த உண்மையான வேகம் தெரியும். எதையும் மாற்றுமுன் அதைப் பார்த்துவிடுவதே சரியான முதல் படி.

வேகத்தைத் தீர்மானிப்பது பிக்சல் கிளாக், அதாவது நொடிக்கு எத்தனை பிக்சல் அனுப்பப்படுகிறது என்ற எண். 1920×1080 திரைக்கு 24 ஹெர்ட்ஸில் அனுப்பப்படுவது, கண்ணுக்குத் தெரியாத ஓரங்களையும் சேர்த்து 2750×1125 பிக்சல். 74.25 மெகாஹெர்ட்ஸை அந்தப் பெருக்குத்தொகையால் வகுத்தால் துல்லியமாக 24. நமக்கு வேண்டியதோ 74.1758. திரை தன் விவரங்களைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் இடிஐடி தரவில் விரிவான டைமிங்கை எழுதும்போது பிக்சல் கிளாக்கை 0.01 மெகாஹெர்ட்ஸ் படியில்தான் எழுத முடியும். 74.18 போட்டால் 23.9774 கிடைக்கும். தடுக்கல் சுமார் 12 நிமிடத்துக்கு ஒருமுறையாகக் குறையும். யார் கண்ணிலும் படாது. ஓர எண்களை மாற்றி இன்னும் நெருங்கலாம்தான், ஆனால் டிவிக்குத் தெரியாத டைமிங் போனால் திரை கறுத்துவிடும். எனவே 2750×1125-ஐ அப்படியே வைத்துக்கொண்டு கிளாக்கை மட்டும் தொடுவது நல்லது.

கறுத்தே விட்டால் பதற வேண்டாம். விண்டோஸ் அமைப்பில் மாற்றியிருந்தால் 15 நொடியில் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும். இடிஐடி டைமிங்கைத் திருத்த உதவும் சிஆர்யூ என்ற மென்பொருளைக் கொண்டு மாற்றியிருந்தால் சேஃப் மோடில் நுழைந்து, அதனுடனே வரும் ரீசெட்-ஆல் கோப்பை இயக்க வேண்டும்.

4கே-யில் 60 ஹெர்ட்ஸ் மட்டும் வராமல் 30 வருகிறதா? 60-க்கு 594 மெகாஹெர்ட்ஸ் வேண்டும், எச்டிஎம்ஐ 1.4-இன் உச்சமே 340. அந்தப் போர்ட்டில் நாமே எழுதிக்கொள்ளும் எந்த கஸ்டம் ரெசல்யூஷனும் முழு நிறத்தோடு அதைக் கொண்டுவராது. எச்டிஎம்ஐ 2.0 இருந்தும் வரவில்லையென்றால் நடுவில் இருக்கும் ஆடியோ ரிசீவரைக் கழற்றிவிட்டு டிவியோடு நேரடியாக இணைத்துப் பாருங்கள். டிவியின் இடிஐடியை ரிசீவர் தன் பங்குக்குத் திருத்தி அனுப்புவதுண்டு.